1,300 டாலருக்கு வாங்கிய கரும்புத் தோட்ட இன்ஜின்... டிஸ்னிலேண்டில் இன்னும் ஓடுவது எப்படி?

கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்டுக்குப் போகிறவர்கள், பூங்காவைச் சுற்றி வரும் ரயிலில் ஒரு ரவுண்டு அடிக்காமல் திரும்புவது அபூர்வம். ஆவி சீற, விசில் அடித்து வரும் அந்தக் குட்டி இன்ஜினைப் பார்த்ததும் பலருக்குத் தோன்றுவது ஒன்றுதான். 'சும்மா செட்டிங் போட்டிருப்பாங்க, உள்ளே டீசல் மோட்டார் இருக்கும்.'

ஆனால் அது செட்டிங் இல்லை. உள்ளே நெருப்பு எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, ஆவிதான் சக்கரத்தைத் தள்ளுகிறது. அதிலும் 3ஆம் எண் கொண்ட 'ஃப்ரெட் கர்லி' இன்ஜின், 1894ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பால்ட்வின் தொழிற்சாலையில் தயாரானது. லூசியானா மாநிலத்தின் கரும்புத் தோட்டத்தில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்த இன்ஜின் அது. டிஸ்னி அதை வாங்கிய விலை 1,300 டாலர். ஓட்டுவதற்குத் தயார் செய்ய ஆன செலவோ 35,000 டாலருக்கும் மேல்.

வாங்கிய விலையைப் போல 25 மடங்குக்கு மேல் ரிப்பேர் செலவு! அப்படி என்னதான் செய்தார்கள்?

தீம் பார்க்குக்கு எதற்குப் பழைய இன்ஜின்?

டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17ல் திறக்கப்பட்டபோது ஓடிய இரண்டு இன்ஜின்களும் பழையவை அல்ல. பழைய மாடலைப் பார்த்து டிஸ்னி நிறுவனமே புதிதாகச் செய்தவை. வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டு, குட்டி நீராவி ரயில் ஓட்டிய ஆள். அவருக்கு நிஜ நீராவிதான் வேண்டும், வேறு எதுவும் சரிப்படாது.

கூட்டம் பெருகியதும் இரண்டு ரயில் போதவில்லை. புதிதாக இன்னொன்று செய்வதைவிட, எங்கேயாவது சும்மா கிடக்கும் ஒன்றை வாங்கித் திருத்தினால் என்ன என்று யோசித்தார்கள். அந்தக் காலகட்டம் அதற்குத் தோதாக இருந்தது. 1950களில் அமெரிக்க ரயில்வேக்கள் வரிசையாக டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. நீராவி இன்ஜின்கள் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஆனால் எல்லா இன்ஜினும் தீம் பார்க்குக்குப் பொருந்தாது. சாதாரண ரயில் பாதையின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். அதில் ஓடிய ராட்சத இன்ஜினைக் கொண்டுவந்தால் பூங்காவின் வளைவுகளில் திரும்பவே திரும்பாது. டிஸ்னிலேண்ட் பாதை 3 அடி அகல நேரோ கேஜ். இந்த அளவில் ஓடியவை பெரும்பாலும் கரும்புத் தோட்டம், மணல் குவாரி, மலைப்பாதை இன்ஜின்கள்தான். அதனால் வேட்டையும் அந்தப் பக்கம் திரும்பியது. ஃப்ரெட் கர்லி வந்தது கரும்புத் தோட்டத்தில் இருந்து. அடுத்து 1959ல் ஓடத் தொடங்கிய 'எர்னஸ்ட் எஸ். மார்ஷ்', நியூ ஜெர்சியில் மணல் கம்பெனிக்கு உழைத்த 1925ஆம் ஆண்டு இன்ஜின்.

(பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அன்று இந்த ரயிலுக்கு ஸ்பான்சர் சான்டா ஃபே ரயில்வே. கர்லி, மார்ஷ் இருவரும் அந்த ரயில்வேயின் பெரிய தலைகள்.)

மெக்சிகோவில் கிடைத்த நான்கு பேர்

ஃப்ளோரிடாவில் இரண்டாவது பெரிய பூங்காவான வால்ட் டிஸ்னி வேர்ல்டு கட்டியபோது, 1969ல் டிஸ்னி ஆட்கள் மெக்சிகோவின் யுகடான் பகுதிக்குப் போனார்கள். அங்கே மெரிடா நகரில், ரயில்வே கைவிட்ட நேரோ கேஜ் இன்ஜின்கள் நின்றுகொண்டிருந்தன. 1916 முதல் 1928 வரை தயாரானவை, எல்லாமே பால்ட்வின். ஒவ்வொன்றும் சுமார் 8,000 டாலர் என்று பேசி முடித்தார்கள். அவற்றில் நான்கு இன்ஜின்கள்தான் டிஸ்னி வேர்ல்டு ரயிலுக்கு வந்து சேர்ந்தன.

இன்ஜின்கள் போன இடம் ரயில்வே பணிமனை இல்லை, டம்பா நகரில் இருந்த ஒரு கப்பல் கட்டும் தளம்! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் காரணம் இருக்கிறது. தடிமனான இரும்புத் தகட்டை வளைத்து, இணைத்து, அழுத்தம் தாங்கும்படி செய்வதுதான் கப்பல் தளத்தின் அன்றாட வேலை. பழைய பாய்லர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டினார்கள். 1971 அக்டோபர் 1ல் பூங்கா திறந்தபோது ரயிலும் தயார்.

பணமெல்லாம் போவது எங்கே? பாய்லருக்கு!

நீராவி இன்ஜினில் உயிர் இருப்பது பாய்லரில். ஆபத்து இருப்பதும் அங்கேயேதான்.

வீட்டு குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். விசில் வரும் நேரத்தில் உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. இப்படிப்பட்ட ஒரு நீராவி இன்ஜினில் அது 150 பவுண்டு அளவுக்குப் போகும், அதாவது பத்து மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 180 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். பாய்லர் எங்காவது கிழிந்து அழுத்தம் சட்டென்று இறங்கினால், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். வெடிகுண்டு என்று சொன்னால் அது மிகை இல்லை.

50, 60 வருஷம் ஓடிய பாய்லரின் தகடு உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கலாம், அதை நம்ப முடியாது. அதனால் இன்ஜின் கைக்கு வந்ததும் முதல் வேலை, பாய்லரின் மேல் மூடியிருக்கும் உறையைக் கழற்றி, உள்ளே உள்ள குழாய்களை எல்லாம் உருவி எடுப்பது. பிறகு தகட்டின் மேல் கட்டம் கட்டமாக சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அல்ட்ராசோனிக் கருவி வைத்துத் தடிமனை அளப்பார்கள். வயிற்றில் ஸ்கேன் எடுப்பது போலத்தான்.

இதில் கஷ்டமான இடம் ஃபயர்பாக்ஸ், அதாவது நெருப்பு எரியும் பெட்டி. அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் விலகாமல் பிடித்து வைத்திருப்பது நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல போல்ட் கணீர் என்று கேட்கும், விரிசல் விட்டது மொத்தையாக ஒலிக்கும். பல போல்ட்டுகளில் நடுவே மெல்லிய துளையும் போட்டிருப்பார்கள். போல்ட் உள்ளே உடைந்தால் அந்தத் துளை வழியாக ஆவி கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். நூறு வருஷத்துக்கு முந்தைய மூளை அது. இன்றைக்கும் இதைவிட எளிமையான எச்சரிக்கை மணி கிடையாது.

கடைசியில் பாய்லர் முழுவதும் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக ஏற்றிச் சோதிப்பார்கள். ஆவியை விட்டு ஏன் சோதிப்பதில்லை? தண்ணீர் ஆவியைப் போல விரியாது. தகடு எங்காவது விட்டால் சொட்டும், அவ்வளவுதான். ஆவியாக இருந்தால் பணிமனையே இருக்காது.

ஃப்ரெட் கர்லியின் பழைய பாய்லர் தேறவில்லை. புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. அந்த 35,000 டாலரில் பெரிய துண்டு எங்கே போனது என்பது இப்போது புரிந்திருக்கும்.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்?

இத்தனை கெடுபிடி எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள்.

1995 ஜூன் 16. பென்சில்வேனியாவில் ஒரு சுற்றுலா நீராவி ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது பாய்லரில் தண்ணீர் குறைந்துபோனது. ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கிவிட்டால் நெருப்பின் சூட்டில் தகடு சிவந்து, இளகி, அழுத்தம் தாங்காமல் கிழியும். அன்று நடந்தது அதுதான். இன்ஜினில் இருந்த மூன்று ஊழியர்களும் தீக்காயம் அடைந்தார்கள். பயணிகள் தப்பித்தார்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குப் போகும் வழி அடைத்திருந்தது, ஊழியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

2001 ஜூலையில் ஓஹாயோ மாநிலம் மெடினாவில் நடந்தது இன்னும் மோசம். அது ரயில் இன்ஜின் இல்லை, கண்காட்சிக்கு வந்த பழைய நீராவி டிராக்டர். காரணம் மட்டும் ஏறக்குறைய அதே கதை. குறைந்த தண்ணீர், தேய்ந்துபோன கூரைத் தகடு. 5 பேர் உயிர் போனது.

1,472 நாள் கணக்கு

பென்சில்வேனியா விபத்துக்குப் பிறகு அமெரிக்க ரயில்வே நிர்வாகம் நீராவி இன்ஜின் விதிகளைத் திருத்தி எழுதியது. அதன்படி ஓர் இன்ஜின் 1,472 நாட்கள் வேலை பார்த்தாலோ, 15 வருஷம் ஆனாலோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுசாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

வேலியடைத்த பூங்காவுக்குள் மட்டும் ஓடும் ரயில்கள் பொதுவாக இந்த விதிக்குள் வராது. அவற்றைப் பார்த்துக்கொள்வது மாநில அரசின் பாய்லர் சட்டங்களும் கேளிக்கைப் பூங்கா பாதுகாப்பு விதிகளும்தான். ஆனால் அந்த 1,472ஐ ஓர் அளவுகோலாக வைத்துப் பாருங்கள், தீம் பார்க் இன்ஜினின் கஷ்டம் விளங்கும். மியூசியம் ரயில் சனி, ஞாயிறு மட்டும் ஓடினால் 15 வருஷம் வரை தாக்குப்பிடிக்கும். வருஷத்தில் 365 நாளும் திறந்திருக்கும் பூங்காவில் தினமும் ஓர் இன்ஜினை இறக்கினால்? நாலே வருஷத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். கரும்புத் தோட்டத்தில்கூட அதற்கு அறுவடை முடிந்து ஓய்வு கிடைத்திருக்கும். இங்கே சீசன் என்பதே கிடையாது.

அதனால்தான் ஒரு பூங்காவுக்கு நான்கைந்து இன்ஜின்கள். ஒன்று பணிமனையில் பிரித்துக் கிடக்கும்போது மற்றவை சுற்ற வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?

எந்தக் கடையிலும் கிடைக்காது. 70,000க்கும் மேற்பட்ட இன்ஜின்களைத் தயாரித்த பால்ட்வின், 1956ல் இன்ஜின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஒரு வால்வு உடைந்தால் முதலில் மரத்தில் அச்சு செதுக்கி, அதை மணலில் பதித்து, உலோகம் வார்த்து, லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும்.

சக்கரத்துக்கு எஃகு டயர் மாட்டுவது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே வித்தைதான். டயரைச் சுற்றிலும் நெருப்பு வைத்துச் சூடாக்குவார்கள், விரிந்ததும் சக்கரத்தில் ஏற்றுவார்கள், ஆறியதும் இறுகிக் கவ்விக்கொள்ளும்.

இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைவு. அதனால் சில பணிமனைகளுக்கு நாடு முழுவதும் இருந்து வேலை வருகிறது. வட கரோலினாவில் 1957 முதல் இயங்கும் ட்வீட்ஸி ரயில்ரோடு தீம் பார்க், தன் இன்ஜின்களோடு மற்ற பூங்காக்களின் இன்ஜின்களையும் திருத்தித் தருகிறது. பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் பணிமனைக்கு டிஸ்னி இன்ஜின்களும் போய் வந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் கைத்திறன் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1855ல் தயாராகி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற இ.ஐ.ஆர்-21 இன்ஜினுக்கு 2010ல் உயிர் கொடுத்தது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஊட்டி மலை ரயிலுக்குப் புதிதாகவே நீராவி இன்ஜின்கள் செய்தது திருச்சி பொன்மலை பணிமனை.

பஜ்ஜி சுட்ட எண்ணெயில் ரயில்

அந்தக் காலத்து நிலக்கரியையும் விறகையும் டிஸ்னி பூங்காக்களில் எரிப்பதில்லை. பல்லாயிரம் பேர் நடமாடும் இடத்தில் கரித்தூள் பறந்தால் சரிப்படாது. எண்ணெய் பர்னர்தான். 2007ல் டிஸ்னிலேண்ட் பயோ டீசலுக்கு மாறியது. முதலில் சோயா எண்ணெய், பிறகு 2009 முதல் பூங்காவின் உணவகங்களில் பொரித்து முடித்த சமையல் எண்ணெயில் இருந்து எடுத்த எரிபொருள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பஜ்ஜி சுட்ட எண்ணெயில் ரயில் ஓடுகிறது.

பாய்லர் புதுசு... அப்போ இது பழைய இன்ஜினா?

நியாயமான கேள்வி. பாய்லர், எரிபொருள் எல்லாம் மாறிய பிறகு '1894 இன்ஜின்' என்று சொல்வது சரியா? ரயில் ஆர்வலர்களிடையே இதற்காகவே சண்டை நடக்கும். இதைவிட வேடிக்கை, மெக்சிகோ இன்ஜின்களின் தோற்றம். 1920களில் தயாரானவற்றுக்கும் 1880களின் அலங்காரம் செய்தார்கள். புதுப்பித்ததில் அவற்றின் வயது கூடிவிட்டது! வரலாற்றை அப்படியே காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் இது தேறாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவை ஓடிய காலத்திலேயே ரயில்வேக்கள் பாய்லரை மாற்றிக்கொண்டுதான் இருந்தன. பாய்லர் என்பது தேயத் தேய மாற்ற வேண்டிய பொருள். பழைய பாய்லரை வைத்துக்கொண்டு இன்ஜினைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்தலாம், அல்லது புதிய பாய்லரோடு குழந்தைகளை ஏற்றி ஓடவிடலாம். யுகடானில் நின்றிருந்த அந்த நான்கும் டிஸ்னி வாங்காவிட்டால் பெரும்பாலும் இரும்புக் கடைக்கு எடை போடப் போயிருக்கும்.

ஃப்ளோரிடா ரயில், பக்கத்தில் புதிய ரைடு கட்டும் பணிக்காக 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. நான்கு வருஷம் கழித்து, 2022 டிசம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வழக்கம்போல பூங்கா திறப்பதற்கு முன்பே பர்னர் பற்றவைக்கப்படுகிறது. பாய்லர் மெல்ல மெல்லச் சூடாக வேண்டும், அவசரப்பட்டால் தகடு சமமாக விரியாது. அதற்கும் முன்னால் ஊழியர்கள் பார்ப்பது, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்பதைத்தான்.