நுரையீரல் மீன்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பிரதேசத்தில் ஓடும் பர்னெட் நதியில், பெரும் செதில்களும், துடுப்பு என்று சொல்லத் தயங்கும்படி சதைப்பற்றோடு தடித்த நான்கு அவயவங்களும் கொண்ட ஒரு விசித்திர மச்சம் வசிப்பதாக வில்லியம் ஃபார்ஸ்டர் என்னும் பிரமுகர் சொன்னபோது, சிட்னி அருங்காட்சியகத்தின் பொறுப்பை வகித்த ஜெரார்ட் கிரெஃப்ட் அதை நம்பவில்லை. 1870-ஆம் ஆண்டில் அந்த மீனே அவரிடம் வந்து சேர்ந்தது. அதன் வாயினுள், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போனதாகப் பண்டிதர்கள் தீர்மானித்திருந்த, கல்லில் உறைந்த பற்களாக மட்டுமே உலகம் அறிந்திருந்த ஓர் இனத்தின் பற்களை அவர் கண்டார். சந்தேகித்த தோஷத்துக்குப் பரிகாரமோ என்னவோ, ஃபார்ஸ்டரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அங்கே குடியேறியிருந்தவர்களோ அதற்கு முன்பே அதைச் சால்மன் என்று அழைத்துச் சமைத்துப் புசித்து வந்தார்கள். பசிக்கு ஏது சாஸ்திரம்! செவுள்களோடு ஒற்றை நுரையீரலும் உடைய இம்மீன், ஜலம் குறைந்து கெடும் காலங்களில் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். ஆயினும், ஆப்பிரிக்காவிலுள்ள அதன் உறவினத்தைப்போல் உலர்ந்த சேற்றுக்குள் புதைந்து உறங்கும் சாமர்த்தியம் இதற்கு இல்லை. 1933-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகர மீன் காட்சிசாலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒன்று, 2017 வரை அங்கே ஜீவித்திருந்தது.