முதலில் பழுதாவது பூட்டு

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தது. அதற்கு மாறியவர்கள் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பழைய கேம் வட்டுகள் பலவும் ஓட மறுத்தன. வட்டில் ஒரு கீறல்கூட இல்லை, கேமின் நிரலிலும் கோளாறு இல்லை. பழுதானது சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு.

அது வேலை செய்த விதம் சுவாரஸ்யமானது. வட்டின் சில பகுதிகளில் படிக்க முடியாத பிழைகளை வேண்டுமென்றே பதித்து வைப்பார்கள். வீட்டிலிருக்கும் சிடி ரைட்டரால் அந்தப் பிழைகளை அப்படியே நகலெடுக்க முடியாது. கேமைத் தொடங்கியதும், விண்டோஸின் அடியாழத்தில் கெர்னல் மட்டத்தில் இயங்கும் ஒரு டிரைவரின் உதவியோடு வட்டு சோதிக்கப்படும். பிழைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அசல் என்று பொருள். ஆனால் அந்த டிரைவரிலேயே பாதுகாப்பு ஓட்டை இருந்தது. எனவே விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடம் தரவில்லை. செப்டம்பரில் வெளியிட்ட திருத்தத்தின் மூலம் விண்டோஸ் 7, 8 இரண்டிலும் அதை முடக்கியது. கணினியின் பாதுகாப்பை எண்ணினால் சரியான முடிவுதான். ஆனால் பூட்டை உடைத்த திருட்டு நகலை வைத்திருந்தவருக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. நேர்மையாக வாங்கியவர்தான் வாசலில் நின்றார்.

இணையத்தில் கேம் வாங்குபவர்கள் பெரும்பாலும் விலையையும் தள்ளுபடியையும் ஒப்பிட்டுக் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பூட்டையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. டிஆர்எம் எனப்படும் இந்த உரிமைப் பூட்டு, கேமுக்குள் இருந்துகொண்டே வெளியில் யாரையாவது கேட்டு நடக்கும் பாகம். அதனால்தான் மற்ற பாகங்களுக்கு முன்பே அதற்கு வயதாகிவிடுகிறது.

வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய ஸ்டீம் என்ற இணைய கேம் தளம், வட்டிலிருந்த பூட்டை இணையத்துக்கு மாற்றியது. 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமைக் கடையில் பெட்டியாக வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்கு தொடங்கினால்தான் ஆட முடிந்தது. நடைமுறை இதுதான்: கேமை நேரடியாகத் தராமல், முதலில் ஸ்டீம் செயலியை நிறுவச் சொல்வார்கள். கேமைத் திறந்தால், இந்தக் கணக்குக்கு உரிமை உண்டா என்று அது செயலியிடம் கேட்கும். இணையம் இல்லாமல் ஆடும் வசதியும் உண்டு. அதற்கு முன்னதாக ஒருமுறையாவது இணையத்தோடு உள்நுழைந்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதற்கு மேல் டெனுவோ போன்ற இன்னொரு பூட்டையும் மாட்டுகின்றன.

இதனால் கிடைக்கும் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விட்ட இடத்திலிருந்து வேறு கணினியில் தொடரலாம். ரசிகர்கள் செய்த மாற்றங்களை ஒரே சொடுக்கில் சேர்க்கலாம். வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2018இல் வந்த புரோட்டான் என்ற மென்பொருள் மூலம் விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கேம்கள் லினக்ஸிலும் ஓடுகின்றன. இந்தியாவில் 2015 முதல் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள்.

ஆனால் செயலிக்கும் வயதாகும். 2019 தொடக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளை ஸ்டீம் கைவிட்டது. 2024 தொடக்கத்தில் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவை நிறுத்தியது. எக்ஸ்பிக்காகவே எழுதப்பட்ட கேம், அது பிறந்த கணினியிலேயே ஸ்டீம் வழியாக இன்று ஓடாது.

போலந்தில் வேறொரு சிந்தனை முளைத்தது. மார்சின் இவின்ஸ்கியும் மிகாவ் கிசின்ஸ்கியும் 1994இல் வார்சாவில் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில், அங்கே சந்தைகளில் திருட்டு வட்டுகள் மலிந்து கிடந்தன. 1999இல் பால்டர்ஸ் கேட் கேமைப் போலிஷ் மொழியில் வெளியிட்டபோது, பெயர் பெற்ற நடிகர்களின் குரல், வரைபடம், இசைவட்டு என்று பெட்டியை நிறைத்தார்கள். திருட்டு நகலைவிட நல்ல பொருளைக் கொடுத்தால் மக்கள் வாங்குவார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மேல் 2008இல் ஜிஓஜி என்ற பூட்டில்லாத இணையக் கடை எழுந்தது.

அங்கே வாங்கினால் ஓர் இன்ஸ்டாலர் கோப்பு கிடைக்கும். பெரிய கேம் என்றால் கூடவே 4 ஜிபி அளவுத் துண்டுகளாக இன்னும் சில கோப்புகள். கேலக்ஸி என்ற செயலி இருந்தாலும் கட்டாயமில்லை. கோப்பை வன்தட்டில் வைத்துக்கொண்டால், இணையமே இல்லாத கணினியிலும் நிறுவலாம்.

இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு பலருக்குத் தெரியாது. பழைய டாஸ் கேம்களை டாஸ்பாக்ஸ் என்ற போலிச்சூழலுக்குள் வைத்து இன்றைய கணினியில் ஓடச் செய்ய வேண்டும். அதைவிடக் கடினம் உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது. 1999இல் வந்த சிஸ்டம் ஷாக் 2 கேமை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. நைட் டைவ் என்ற சிறு நிறுவனம் அதைத் தேடிப் பேசி அனுமதி பெற்ற பிறகே, 2013இல் ஜிஓஜியில் அந்த கேம் மீண்டும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. தலைமுறைகளின் கலைப்படைப்புகள் அவை.

பூட்டில்லாக் கடை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2021இல் ஜிஓஜி விற்ற ஹிட்மேன் கேமின் பல பகுதிகளுக்கு இணைய இணைப்பு தேவைப்பட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகே அதைக் கடையிலிருந்து எடுத்தார்கள். சர்வரை நம்பியே எழுதப்பட்ட கேமுக்கு இன்ஸ்டாலர் கோப்பு கையில் இருந்தும் பயனில்லை. யூபிசாஃப்டின் கார் பந்தய கேமான தி க்ரூவைத் தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள், கேம் செத்துப்போனது. அதன் பிறகு ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கம், விற்ற கேமை ஆட முடியாமல் செய்யாதீர்கள் என்று ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், விற்பது உரிமம் மட்டும்தான் என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே அந்த அறிவிப்பைப் பணம் கட்டும் பக்கத்தில் சேர்த்துவிட்டது.

ஆகவே கேமுக்கு ஏற்பக் கடையைத் தேர்ந்தெடுக்கலாம். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேம், ரசிகர் மாற்றங்களால் செழிக்கும் கேம் என்றால் ஸ்டீம்தான் வசதி. தனியாக ஆடும் கதை கேம், பத்து ஆண்டு கழித்து மறுபடி திறக்க ஆசைப்படும் கேம் என்றால், சில ரூபாய் கூடினாலும் கோப்பைத் தரும் கடையில் வாங்குங்கள். வாங்கிய அன்றே இன்ஸ்டாலரைப் பதிவிறக்கி, இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். கோப்பைக் கடையின் சர்வரிலேயே விட்டுவைத்தால், கடை மூடும் நாளில் அதுவும் போய்விடும்.

ஸ்டீமில் ஏற்கெனவே வாங்கிக் குவித்தவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அங்கே பூட்டு மாட்டுவதும் மாட்டாததும் கேம் நிறுவனத்தின் விருப்பம். ஸ்டீமை முழுவதுமாக மூடிவிட்டு, கேம் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் போய், அதன் இஎக்ஸ்இ கோப்பை நேரடியாகத் திறந்து பாருங்கள். ஸ்டீம் தானாக எழுந்து வராமல் கேம் ஓடினால் அதில் பூட்டு இல்லை. அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். சிறு குழுக்கள் உருவாக்கிய கேம்கள் பலவும் இதில் தேறுகின்றன.