இயற்கை விவசாயச் சங்கத்துக்கு யாரை நிர்வாகியாகத் தேர்ந்தெடுப்பது?

இயற்கை விவசாயிகள் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு அழைப்பின் பேரில் போய் வருவது எங்கள் விரிவாக்கப் பணியில் ஒரு பகுதி. பஞ்சகவ்யா பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், பாரம்பரிய நெல் பற்றி இன்னொரு மணி நேரம். நிர்வாகிகள் தேர்தல் மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "அவரே இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கைதட்ட, டீ வந்துவிடும். சங்கம் வெறும் பேச்சுக்கான இடமாக இருந்தால் இதில் தவறில்லை. சங்கத்தின் பெயரில் சான்று வாங்கி, சங்கத்தின் பெயரில் விளைபொருளை விற்கும்போது நிலைமை வேறு. யார் நிர்வாகி என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நெல்லுக்கு நல்ல விலை கிடைக்குமா கிடைக்காதா என்பது முடிவாகிறது.

எப்படி என்று சொல்கிறேன். சிறு விவசாயி தனியாகச் சான்று வாங்கினால் கட்டணமும் காகித வேலையும் கட்டுப்படியாகாது. அதற்காகத்தான் குழுச் சான்று இருக்கிறது. பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்தால் ஒரு குழு. ஏற்றுமதிக்கும் செல்லுபடியாகும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில் 25 முதல் 500 பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். நம் மாநிலத்தில் இந்தச் சான்றை வழங்குவது விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எல்லா வயலையும் பார்ப்பதில்லை. மாதிரிக்குச் சிலருடைய வயலைத்தான் பார்ப்பார். மீதி வயல்களுக்கு அவர் நம்புவது உங்கள் குழுவின் உள் ஆய்வையும் பதிவேட்டையும்தான். அதாவது, உங்கள் சங்க நிர்வாகிகளின் கையெழுத்தை.

ஒருவர் அவசரத்துக்கு யூரியா போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகி அதைப் பதிவு செய்து, அவருடைய விளைச்சலைத் தனியாகப் பிரித்துவிட்டால் பாதிப்பு அவரோடு நிற்கும். "நம்ம ஆளுதானே" என்று மறைத்து, அந்த மூட்டையும் பொதுக் குவியலில் சேர்ந்து, பிறகு ஆய்வில் தெரியவந்தால் குழுவின் சான்றே போகலாம். திரும்பத் தொடங்க வேண்டிய நிலை வந்தால் நெல், காய்கறி போன்ற பயிர்களுக்கு 2 ஆண்டும், தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டும் மாற்றுக் காலம். நூறு குடும்பங்களின் உழைப்பு ஒருவருடைய தாட்சண்யத்தால் வீணாகும்.

ஆகவே தலைவருக்கு நன்றாகப் பேசத் தெரிவது இரண்டாவது தகுதிதான். தன் பங்காளியின் வயலில் தவறு நடந்தாலும் "உங்க மூட்டை இந்த முறை சேராது அண்ணே" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். அவருடைய வயல் முழுவதும் இயற்கை முறையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உரக்கடை, பூச்சிமருந்துக்கடை வைத்திருப்பவரைத் தலைவராக்கும் சங்கங்களும் இருக்கின்றன. அது சட்டத்துக்குப் புறம்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பில் அவருக்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

தலைவரைவிட முக்கியமானவர்கள் வயல் ஆய்வு செய்யும் உறுப்பினர்கள். இவர்களைப் பற்றிப் பொதுக்குழுவில் யாரும் பேசுவதே இல்லை. பயிரைப் பார்த்தவுடன் இலையின் கரும்பச்சையை வைத்தே சந்தேகப்படத் தெரிந்த அனுபவசாலி வேண்டும். கூடவே படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர் வேண்டும். வயலில் மட்டும் நின்றால் போதாது, வீட்டுத் திண்ணையையும் பார்க்க வேண்டும். கைத்தெளிப்பான் சொந்தமா, பக்கத்து வயல்காரரிடம் இரவலா? இரவல் என்றால் அதில் முன்பு என்ன மருந்து அடித்தார்கள்? அறுவடை மூட்டை பழைய உரச் சாக்கா? விதை மருந்து கலந்ததா? சேமிப்பில் வண்டுக்கு மாத்திரை வைக்கிறார்களா? மேட்டு வயலிலிருந்து தண்ணீர் வழிந்து வருகிறதா? வேலியோரம் இடைவெளியோ உயிர்வேலியோ இருக்கிறதா? கடையில் வாங்கிய "இயற்கை" மருந்துப் புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது? தவறு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் நடக்கிறது, அதுவும் தெரியாமலே.

பி.ஜி.எஸ். முறையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நான் உங்கள் வயலை ஆய்வு செய்தால், நீங்கள் என் வயலை ஆய்வு செய்யக் கூடாது. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. சங்கத்தின் ஆய்வுப் பட்டியலை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மாமன் மச்சான் பெயர்கள் எதிரெதிரே இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

பொருளாளர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது, யாருடைய மூட்டை எவ்வளவு, என்ன விலை என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு பலகை. கணக்கைக் கேட்டால் கோபப்படுபவர் இந்தப் பதவிக்கு வேண்டாம்.

விதைக்கு ஒரு பொறுப்பாளர் வையுங்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய 'நெல்' ஜெயராமன், வரும் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். சிறிய விதிதான். அதனால்தான் கொடுத்த விதை தீர்ந்து போகாமல் ஊர் ஊராகப் பெருகியது. அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். அந்த விதைகள் இன்றும் வயல்களில் இருக்கின்றன. ஒரு தலைவர் நல்லவரா என்று பார்ப்பதோடு, அவர் இல்லாதபோதும் நடக்கிற மாதிரி எதையாவது ஏற்படுத்துகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

பல சங்கங்களில் இது நேர்மாறாக இருக்கிறது. வாங்குபவர்களின் கைப்பேசி எண், சான்றுக்கான இணையக் கணக்கின் கடவுச்சொல், பழைய ஆய்வறிக்கை எல்லாம் ஒருவருடைய வீட்டில், ஒருவருடைய போனில். அவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால் சான்று புதுப்பிப்பு நின்றுவிடும். குறைந்தது மூன்று பேரிடம் இவை இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்.

பெண்களைப் பற்றி. மாட்டுக்குத் தீவனம் வைப்பதும், விதையைக் காய வைத்துக் குதிரில் போடுவதும், களை எடுப்பதும் அவர்கள்தான். செயற்குழுவில் மட்டும் அவர்கள் பெயர் இருக்காது. கோவை மாவட்டம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி நூறு வயதைத் தாண்டியும் வயலில் இறங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். உள்ளாட்சிப் பொறுப்புகளிலும் இருந்தவர். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு அக்கா இருப்பார். ஆய்வுக் குழுவிலாவது முதலில் சேருங்கள். வீட்டுக்குள் என்ன மருந்து வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது பெண்களுக்குத்தான் முதலில் தெரியும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால், செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே நபர் மீண்டும் வரலாம், ஆனால் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வர வேண்டும். நிர்வாகிகள் மாறினால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மானியமோ கடனோ கேட்கப் போகும்போது சிக்கிக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்த பொதுக்குழுவுக்குப் போகும் முன் தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, சென்ற பருவ ஆய்வுப் படிவங்கள் ஆகிய மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். படிவங்களில் எல்லா வயலுக்கும் ஒரே கையெழுத்தில், ஒரே நாளில், "குறை ஏதும் இல்லை" என்று எழுதியிருந்தால், தேர்தலுக்கு முன்பாக அதைப் பற்றிப் பேசுங்கள்.