தொழுநோய்: சிகிச்சையைத் தாமதப்படுத்தும் சமூக ஒதுக்கல்

புது தில்லி: தொழுநோய் பாவத்தின் பலனோ பரம்பரை நோயோ அல்ல, பாக்டீரியாவால் உண்டாவது. கூட்டு மருந்துச் சிகிச்சையை 6 முதல் 12 மாதங்கள் வரை எடுத்துக்கொண்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாக அளிக்கப்படுகிறது.

ஆயினும், வேலையும் உறவும் பறிபோகும் என்ற அச்சத்தால் பலர் தோலில் தோன்றும் உணர்ச்சியற்ற தேமலை மறைத்துவிடுகின்றனர். சிகிச்சை தாமதமாவதால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை, கால்களில் ஊனம் ஏற்படுகிறது. அந்த ஊனமே அவர்களை மேலும் ஒதுக்கக் காரணமாகிறது.

இந்தப் பாகுபாடு சட்டங்களிலும் இடம்பெற்றிருந்தது. ஆதரவற்ற தொழுநோயாளிகளைப் பிடித்துத் தனித்து அடைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கோரவோ பிரிந்து வாழவோ இடமளித்த பிரிவுகள், இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் உள்ளிட்ட 5 சட்டங்களிலிருந்து 2019-இல் நீக்கப்பட்டன.

சட்டம் மாறினாலும் அச்சம் முழுமையாக அகலவில்லை. சிகிச்சை தொடங்கிய பின் நோயாளியிடமிருந்து தொற்று பரவுவதில்லை. எனவே, அவரை வீட்டிலிருந்தோ பணியிலிருந்தோ விலக்கிவைக்க வேண்டியதில்லை. வெளிர்ந்த அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரை அணுகுவதே ஊனத்தைத் தவிர்க்கும் வழியாகும்.