கிண்டியில் பிழைத்திருக்கும் நிலக்குமிழ்

துளசி, புதினா, தும்பை மூன்றும் ஒரே குடும்பம் என்றால் யாரும் வியக்கமாட்டார்கள். தேக்கும் நொச்சியும் அதே குடும்பம்தான். சென்னைக் காட்டில் தானாக முளைத்து வளரும் நிலக்குமிழும் அவற்றுக்கு உறவு.

ஆளுயரத்துக்கும் மேலே வளரும் முள்புதர் இது. இலைகள் எதிரெதிரே இருக்கும், அடிப்பக்கம் வெளிறியிருக்கும். மஞ்சள் பூ தலைகீழாகத் தொங்கும். அதன் கீழுதடு முன்னே நீண்டிருக்கும். பூவைப் பறிக்காமல் மெல்லத் திருப்பிப் பாருங்கள். காம்போரத்தில் பச்சைப் புல்லிவட்டத்தின் மேல் கருநிறச் சுரப்பிகள் பொட்டு வைத்தாற்போல் தெரியும். அவற்றில் ஊறும் இனிப்பைத் தேடி எறும்புகள் வரும். பூவுக்குள் நான்கு மகரந்தத் தாள்கள்: இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. பழம் மஞ்சளாக, சதைப்பற்றோடு இருக்கும்.

இதற்கு 1753இல் மெலினா ஏசியாட்டிகா என்று அறிவியல் பெயர் வைத்தவர் தாவரவியலாளர் லின்னேயஸ். துளசிக்கும் தும்பைக்கும் இருப்பதுபோல நான்கு குறுவிதைகள் இல்லாமல் சதைக்கனி காய்ப்பதால், தாவரவியலாளர்கள் இதை நெடுங்காலம் வெர்பினேசி குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 1990களில்தான் துளசிக் குடும்பத்துக்கு மாற்றினார்கள்.

நிலக்குமிழ் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைக்காட்டுச் செடி. நகருக்குள் அந்தக் காட்டில் மிஞ்சியதன் பெரும்பகுதி கிண்டி தேசியப் பூங்காதான். 1978இல் அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். ஆளுநர்களின் வேட்டைக்காடாக இருந்த அந்த நிலத்திலிருந்து ஐஐடிக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் இடம் பிரித்துக் கொடுத்த பிறகு எஞ்சியது இவ்வளவுதான். மயிலாப்பூரிலோ தி. நகரிலோ இந்தப் புதரைப் பார்ப்பது அரிது. அங்கே வேலியோரம் மஞ்சள் பூ தெரிந்தால் அது அநேகமாக அலமண்டாவாக இருக்கும், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

அழியும் உயிர்களுக்கான உலகச் செம்பட்டியல், ஓர் இனம் பரவியுள்ள எல்லா நாடுகளையும் சேர்த்தே ஆபத்தை மதிப்பிடுகிறது. நிலக்குமிழோ இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. ஓர் ஊரில் அது இல்லாமல் போவது அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. ஊர்க்கணக்கை ஊர்க்காரர்கள்தான் வைக்க வேண்டும்.

காலிமனையைச் சுத்தம் செய்யும்போது முள்புதர் என்று எல்லாவற்றையும் வெட்டி எறியாதீர்கள். என்ன செடி என்று ஒருமுறை பாருங்கள். கிண்டியிலிருந்து ஒரு குச்சியைக்கூட ஒடித்து வர வேண்டாம், சட்டம் அனுமதிக்காது. நாட்டு மரக்கன்று வளர்க்கும் நாற்றங்கால்களில் நிலக்குமிழ் கேளுங்கள். முள் இருப்பதால் உயிர்வேலிக்கு நன்றாகவே பொருந்தும்.