'வயது' என்னும் சொல் மறைப்பவை

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வாழும் நம் முதியோர் பலர் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் சாலையில் அடிபட்டால், "வயதாகிவிட்டது" என்று கூறி முடித்துவிடுகிறோம். 'வயது' இங்கே காரணத்தைச் சுட்டும் சொல்லன்று. பல காரணங்களை மூடி நிற்கும் பொதுப்பெயர். அவற்றைப் பிரித்தறிவோம்.

முதலாவது, பார்வை. 20 வயதில் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதில் அதனை அடைகிறது. கண்புரையும் சேர்ந்தால் எதிர்வரும் விளக்கொளி சிதறிக் கண் கூசும். விளக்கில்லாத செம்பனைத் தோட்டச் சாலையில் இக்குறை பெரிதாகும்.

இரண்டாவது, முச்சந்தி, நம் பேச்சுவழக்கில் 'சிம்பாங்'. நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், வலப்புறம் திரும்புவோர் எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கிட வேண்டும். தொலைவையும் வேகத்தையும் ஒருசேரக் கணித்து, கழுத்தைத் திருப்பி இருபுறமும் நோக்கி, நொடியில் முடிவெடுக்க வேண்டும். முதிய ஓட்டுநர்களின் விபத்துகள் சந்திப்புகளில் மிகுதல் பல நாட்டு ஆய்வுகள் காட்டும் உண்மை.

மூன்றாவது, மருந்து. சளி, ஒவ்வாமை மருந்துகளுட் சில உறக்கம் தருவன. இன்சுலின் போட்டுக்கொண்டு வேளைக்கு உண்ணாதவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

நான்காவது, உடலின் நொய்ம்மை. இளைஞர் காயத்தோடு தப்பும் மோதலில் முதியவர் உயிரிழக்க நேரிடும். ஆகவே முதியோர் இறப்பு மிகுதி முழுவதையும் அவர்தம் ஓட்டுந்திறன் குறைவாகக் கொள்வது பிழை.

சிங்கப்பூரில் 65 வயதில் மருத்துவச் சோதனை வேண்டும். ஜப்பானில் உரிமத்தைப் புதுப்பிக்க 70 வயது முதல் சிறப்புப் பயிற்சியும், 75 முதல் அறிவாற்றல் சோதனையும் உண்டு. சோதனை வேண்டுவதே. ஆயினும் பேருந்து வாராத தோட்டத்தில் முதியவரின் சாவியைப் பறித்தால், அவர் மருத்துவரையும் உறவையும் ஒருங்கே இழப்பார்.

பிரித்தறிந்தால் வழி பிறக்கும். கண்புரையை அறுவையால் நீக்கலாம். மருத்துவரிடம் கேட்டு மருந்தை மாற்றலாம். இரவுப் பயணத்தைத் தவிர்க்கலாம். சற்றுச் சுற்றிச் சென்றேனும் சமிக்ஞை விளக்குள்ள சந்திப்பில் திரும்பலாம். மாணவர்களும் உதவலாம்: மருந்துறையில் மலாயில் அச்சிட்ட உறக்க எச்சரிக்கையைத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் படித்துக் காட்டலாம். இனி ஒரு முதியவர் சாலையில் விழுந்தார் எனக் கேட்டால், அவர் வயதை வினவுமுன் காரணத்தை வினவுவோம்.