மூச்சுக்கும் அளவு உண்டு

2013 ஜூன் 23ஆம் தேதி காலை, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள மூவார் நகரைப் புகைமூட்டம் மூடிக்கிடந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம்! அன்று மூவாரிலும் அதை அடுத்த லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். இப்படிப்பட்ட புகை எல்லாருக்கும் கேடுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கோ மூச்சிழுப்பையே கொண்டுவந்துவிடும்.

சிராப் பாண்டுங் குடிக்கும்போது உறிஞ்சுகுழலை விரலால் நசுக்கிப் பாருங்கள். எவ்வளவு உறிஞ்சினாலும் கொஞ்சம்தானே வருகிறது? மூச்சிழுப்பின்போது மூச்சுக்குழாய்களுக்கும் இதே கதிதான். சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி அடைக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்.

மருத்துவமனையில் முதலில் விரல் நுனியில் ஒரு கருவியை மாட்டுவார்கள். அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று அது கணக்கிடும். ஊசி குத்தாமலே விடை கிடைக்கும்! இந்த வழியை 1974இல் உலகுக்குச் சொன்னவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி.

அளவு குறைந்திருந்தால் முகமூடி வழியாக ஆக்சிஜன் தருவார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கருவி காட்டும் எண் 94 முதல் 98 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். "நிறையக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. நுரையீரல் கெட்டிக்காரப் பிள்ளை. காற்று வராத பகுதிக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, காற்று வரும் பகுதிக்குத் திருப்பிவிடும். தேவைக்கு மேல் ஆக்சிஜன் வந்தால் இந்த ஏற்பாடு குலையும்; வெளியேற வேண்டிய கரியமில வாயு இரத்தத்தில் தங்கும். நியூசிலாந்தில் மூச்சிழுப்பு வந்த பெரியவர்கள் 106 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் கரியமில வாயு கூடுவது தெரியவந்தது. ஆனால் ஆக்சிஜன் குறைவது அதைவிடப் பெரிய ஆபத்து. அதனால்தான் அளந்து பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஆக்சிஜன் மூச்சுக்குழாயைத் திறக்காது. இறுகிய தசையைத் தளர்த்துவது இன்ஹேலரிலோ நெபுலைசரிலோ வரும் மருந்துதான். வீக்கத்தை வேறு மருந்து குறைக்கும்.

வகுப்பில் நண்பனுக்கு மூச்சு இழுத்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். அவனுடைய இன்ஹேலரை எடுத்துக் கொடுங்கள். ஆசிரியரிடம் ஓடிச் சொல்லுங்கள். பேசமுடியாமல் திணறினாலோ உதடு நீலம் பூத்தாலோ உடனே 999ஐ அழைக்க வேண்டும். உங்கள் வேகம் ஓர் உயிரைக் காக்கும்!